உரோம நாணயங்களில் அரசகுல மகளிர்

வானொலியும் செய்தித்தாளும் இல்லாத காலத்திலே, அரசன் தன் கருத்தைக் குடிமக்களிடம் எவ்வாறு பரப்பினான்? உரோமப் பேரரசில் அப்பணிக்கு உதவிய சாதனங்களுள் நாணயமும் ஒன்று. பொன் நாணயம் பெரும்பாலும் செல்வர் கையிலே புழங்கியது. சந்தையிலே சில்லறைக்கு உதவியவை செம்புக் கலப்பு நாணயங்களே. அவற்றுட் பெரியது செஸ்தெர்சியஸ். வெண்கல நாணயம் என இன்று பொதுவாகக் கூறினும், அது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது. நிறை ஏறக்குறைய 25 கிராம். அதன் அகன்ற பரப்பிலே உருவமும் வாசகமும் தெளிவாகப் பொறிக்க இடமிருந்தது.

நேயர்களே, கலிகுலா என்று வரலாறு கூறும் மன்னன் வெளியிட்ட இரு நாணயங்களைப் பார்ப்போம்.

முதலாவதிலே அவன் அன்னை அக்ரிப்பினாவின் முகம் காணப்படுகிறது. மறுபுறத்திலே கோவேறு கழுதைகள் இரண்டு இழுக்கும் வண்டி. 'அக்ரிப்பினாவின் நினைவுக்கு' என்னும் வாசகம். அகஸ்டஸ் பேரரசரின் பேர்த்தியாகிய இவ்வம்மையார், திபேரியஸ் ஆட்சியிலே பண்டதேரியாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, கி. பி. 33இல் பட்டினியால் மாண்டார். கி. பி. 37இல் அரியணை ஏறிய மைந்தன், அன்னையின் சாம்பலைத் தானே சென்று எடுத்துவந்து அகஸ்டஸின் கல்லறையிற் சேர்த்தான்; விழா ஊர்வலங்களில் அவருடைய உருவத்தை ஏற்றிச் செல்ல ஒரு வண்டியும் அமைத்தான். நாணயத்திலே நாம் காண்பது அவ்வண்டியே.

இரண்டாவது நாணயத்தில், ஒருபுறம் மன்னன். மறுபுறம் அவன் சகோதரிகள் மூவர் தத்தம் பெயருடன் நிற்கின்றனர். தாயின் பெயரையே தாங்கிய அக்ரிப்பினா பாதுகாப்பின் தெய்வமாகவும், துருசில்லா ஒற்றுமையின் தெய்வமாகவும், யூலியா நற்பேற்றின் தெய்வமாகவும் காட்சியளிக்கின்றனர்.

ஆயின், நிகழ்ந்தது யாது? துருசில்லா கி. பி. 38இல் இறந்தாள். அடுத்த ஆண்டே, சதி செய்தனர் என்று மற்றை இருவரையும் அதே சகோதரன் நாடுகடத்தினான். பாதுகாப்பின் தெய்வத்துக்கே பாதுகாப்பு இல்லை!

எனவே, நாணயத்திலே முகம் இருப்பதைக் கொண்டு அப்பெண்ணிடம் அதிகாரம் இருந்தது என்று முடிவுசெய்தல் தவறாகும். அவளைப் பற்றி உலகம் என்ன எண்ணவேண்டுமென அரண்மனை விரும்பியதோ, அதனையே நாணயம் உரைக்கின்றது.

சகோதரியாகிய அக்ரிப்பினா நாடு திரும்பினாள். பின்னர் நீரோ மன்னனின் தாயாக உயர்ந்தாள். தன் வாழ்வையும் குடும்பத்தார்க்கு நேர்ந்தவற்றையும் தானே எழுதியும் வைத்தாள். அந்நூல் அழிந்துவிட்டது. அவளுக்குச் சகோதரன் கொடுத்த வேடம் மட்டும் உலோகத்திலே நிலைத்து நிற்கின்றது.