நெடுநாள் நின்ற பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் குடும்பங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அவர் விட்டுச் சென்ற பைக் வாசலிலோ மாடிப்படி அடியிலோ துணி போர்த்தி நிற்கிறது. ஒன்றிரண்டு வருடம் கழித்து விடுப்பில் வந்து சாவியைப் போட்டால் வண்டி அசைவதில்லை. பக்கத்தில் நிற்பவர் "இன்ஜின் போச்சு" என்று சொல்லிவிடுவார். நல்ல வண்டி பழைய இரும்பு விலைக்குக் கைமாறிவிடும்.

அவசரப்பட வேண்டாம். ஓடாமல் நின்ற வண்டியில் இன்ஜின் கெட்டிருப்பது குறைவு. பெரும்பாலும் பெட்ரோல் பழசாகியிருக்கும், அல்லது பேட்டரி இறங்கியிருக்கும். செலவில்லாததை முதலில் பார்த்து, வரிசையாகப் போனால் காரணம் தெரிந்துவிடும்.

முதலில் இடம்

வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளி வாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு பரவி அடுப்பு வரை போய்த் தீப்பிடிக்கும். வீட்டுக்குள்ளோ, அடுப்பு, விளக்கு, இன்வெர்ட்டர் அருகிலோ இந்த வேலை கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சுவிட்சும் ஸ்டாண்டும்

ஹேண்டில்பாரில் உள்ள சிவப்பு இன்ஜின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் ஸ்டார்ட் ஆகாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இதைக் கவனிக்காமலே மெக்கானிக்கை அழைப்பவர்கள் உண்டு.

பேட்டரி

சாவியைத் திருப்பி ஹாரன் அடியுங்கள். சத்தம் கம்மியாக வந்தால், அல்லது செல்ஃப் போடும்போது "டக் டக்" என்று மட்டும் கேட்டால், பேட்டரி இறங்கிவிட்டது. நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் அளவு காட்டும். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். பேட்டரிக் கடையில் கொடுத்து மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். பல மாதம் இறங்கியே கிடந்த பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்காது. அப்போது புதிது வாங்குவதே வழி. கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் பல, பேட்டரி இறங்கினாலும் கிக்கரில் ஸ்டார்ட் ஆகிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். அதில் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. பேட்டரி முழுக்க இறங்கியிருந்தால் எத்தனை கிக் அடித்தாலும் கால்தான் வலிக்கும்.

பெட்ரோல்

நாளானால் பெட்ரோலில் எளிதில் பற்றும் பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பிசின் போலப் படிந்து, கார்புரேட்டரின் ஊசித்துளை போன்ற ஜெட்டை அடைத்துவிடும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை ஈரம் அதிகம். பாதி காலியான டேங்கில் உள்ளே துருவும் பிடிக்கும்.

டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வார்னிஷ் போல நாற்றம் அடித்தால், நிறம் கறுத்திருந்தால், அந்தப் பெட்ரோல் வேண்டாம். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்திப் பழையதை வடியுங்கள். டேங்கையும் காலி செய்து ஒரு லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி, சோக் போட்டு முயலுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்கைக் காலி செய்வதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வாயால் டியூப்பில் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரல் கெடும். வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள். தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

ப்ளக்கும் காற்றும்

ப்ளக் ஸ்பேனரால் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் துடைத்துக் காய விடுங்கள். கரி பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் பொறி வருகிறதா என்று சோதிக்க வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கலாம், வயரைக் கடித்திருக்கலாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

செல்ஃபைத் தொடர்ந்து ஐந்து வினாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். இடையில் சற்று ஓய்வு கொடுங்கள். கிக்கர் இறங்காமல் இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள். பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். மிதித்தால் சிறு செலவு பெருஞ்செலவாகும். மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஸ்டார்ட் ஆன பிறகு

மூடிய அறையில் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையோ நிறமோ கிடையாது. ஆளை மயக்கிக் கொல்லும். நின்றே கிடந்த வண்டியில் கிளட்ச் தட்டு ஒட்டியிருந்தால் முதல் கியர் போட்டதும் பாயும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே கியர் போடுங்கள். டயரில் காற்று, வெடிப்பு, பிரேக், செயின் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருந்தால் இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். அதன் பிறகே ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஏறுங்கள்.

காகிதங்கள்

வண்டி நிற்கும்போது இன்சூரன்ஸ் முடிந்திருக்கும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிது, விபத்தில் பிறருக்குத் தர வேண்டிய நஷ்டஈடு. ஆர்.சி. வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் இருந்தால் அந்தச் சுமை அவர் தலையில் விழும். புகைச் சான்று, 15 வருடத்தில் முடியும் ஆர்.சி. ஆகியவற்றையும் பாருங்கள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் வீட்டுப் பையன் சாவி கேட்பான். 18 வயது ஆகாதவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆர்.சி.யும் 12 மாதம் ரத்தாகும். பாசத்தில் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த பயணத்துக்கு முன்

திரும்பிப் போகும்போது டேங்கைக் காலி செய்யுங்கள். கார்புரேட்டர் வண்டியானால் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில், மழை படாத இடத்தில் நிறுத்துங்கள். லைசென்ஸ் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் வண்டியை நிறுத்தி வைக்கவே வேண்டாம். இன்சூரன்ஸைப் புதுப்பித்து, வாரம் ஒருமுறை கடைத்தெரு வரை அவர் ஓட்டி வந்தாலே போதும்.