உங்க ஈ.க்யூ. எவ்வளவு? பக்கத்து சீட்டில் கேளுங்க!

திங்கட்கிழமை காலை. டீம் மீட்டிங். ரெண்டு நாள் தூக்கம் கெட்டு நீங்கள் தயார் பண்ணிய ரிப்போர்ட்டை டீம் லீடர் புரட்டுகிறார். மூணாவது பக்கத்தில் நிறுத்தி, "என்னப்பா இது, காலேஜ் அசைன்மென்ட்னு நெனச்சுட்டியா?" என்கிறார், எல்லார் முன்னாடியும். பின் வரிசையில் யாரோ 'களுக்' என்று சிரிக்கிறார்கள்.

இப்ப என்ன பண்ணுவீங்க?

அ) "கடைசி நிமிஷத்துல டீடெய்ல்ஸ் குடுத்தா இப்படித்தான் சார் வரும்" என்று பதிலடி.

ஆ) அங்கே மௌன சாமியார். மதியம் கேன்டீனில் அவரைக் கிழி கிழி என்று கிழிப்பது. ராத்திரி ரெஸ்யூமை தூசு தட்டுவது.

இ) "எந்த இடம் சரியில்லைன்னு சொல்லுங்க சார், சாயங்காலத்துக்குள்ள மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டு, பிறகு தனியாகப் பார்த்து, "தப்பு இருந்தா தாராளமா சொல்லுங்க சார். ஆனா எல்லார் முன்னாடியும் சொன்னது கஷ்டமா இருந்துச்சு" என்பது.

'இ' தான் சரியான விடை என்று எல்.கே.ஜி. குழந்தைகூட சொல்லிவிடும். பேப்பரில் டிக் அடிப்பது ஈஸி பாஸ்! காது சூடாகி, தொண்டை அடைக்கிற அந்த நிமிஷத்தில் 'இ' உங்கள் வாயில் வருமா? கேம்பஸ் இன்டர்வியூவில் கோடிங்கிலும் ஆப்டிட்யூடிலும் பிரமாதப்படுத்தியவர்கள், முதல் வேலையில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்குப் பெயர்தான் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்'. தமிழில் உணர்வு நுண்ணறிவு. செல்லமாக, ஈ.க்யூ.

எங்கிருந்து வந்தது?

1990-ல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியல் பேராசிரியர்கள் இந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார்கள். (சலோவே பின்னாளில், 2013 முதல் 2024 வரை யேல் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே இருந்தார்.) 1995-ல் பத்திரிகையாளர் டேனியல் கோல்மன் இதையே புத்தகமாக எழுத, ஈ.க்யூ. உலகம் முழுக்க ஃபேமஸ் ஆகிவிட்டது.

கூடவே ஒரு வதந்தியும் பரவிவிட்டது. "வெற்றிக்கு ஐ.க்யூ. 20 சதவீதம், ஈ.க்யூ. 80 சதவீதம்" என்று செமினார் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். கோல்மன் சொன்னது அது இல்லை. ஐ.க்யூ. போக மீதியில் குடும்பப் பின்னணி, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தே இருக்கிறது என்றுதான் எழுதினார். அதனால் சப்ஜெக்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ஈ.க்யூ. போதும்' என்று கிளம்பிவிடாதீர்கள். வேலை தெரியாதவனை எந்த ஈ.க்யூ.வும் காப்பாற்றாது!

நாலு திறமைகள்

சலோவேயும் மேயரும் இதை நாலாகப் பிரிக்கிறார்கள். ஆபீஸ் பாஷையில் சொன்னால் இப்படி:

கவனிப்பது: "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்கிற சக ஊழியரின் குரலில் ஏதோ இருக்கிறது என்று பிடிப்பது. உங்கள் சொந்த எரிச்சலைப் பிடிப்பதும் இதில் அடக்கம்.

பயன்படுத்துவது: மனசு உற்சாகமாக இருக்கும்போது புது ஐடியா யோசிக்கிற வேலையையும், கொஞ்சம் டல்லாக இருக்கும்போது தப்பு தேடுகிற வேலையையும் எடுத்துக்கொள்வது.

புரிந்துகொள்வது: கஸ்டமர் கத்துவது உங்கள் மேல் கோபத்தில் இல்லை, தன் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் என்று கண்டுபிடிப்பது.

கையாள்வது: நாலிலும் கஷ்டமானது. கோபத்தை முழுங்குவதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. எப்போது, யாரிடம், எவ்வளவு காட்டுவது என்று தீர்மானிப்பது.

எப்படி அளக்கிறார்கள்?

மூணு வழி இருக்கிறது. முதல் வழி, 'நான் மற்றவர்களை எளிதில் புரிந்துகொள்வேன்' மாதிரி வாக்கியங்களுக்கு நீங்களே மார்க் போட்டுக்கொள்வது. 1997-ல் ரூவன் பார்-ஆன் வெளியிட்ட பிரபலமான தேர்வு இந்த வகை. இரண்டாவது, கணக்குப் பரீட்சை மாதிரி நிஜமாகவே திறமையைச் சோதிப்பது. 2002-ல் மேயர், சலோவே, கருசோ மூவரும் வெளியிட்ட தேர்வில் 141 கேள்விகள். ஒரு முகத்தின் படத்தைக் காட்டி, 'இதில் எந்த உணர்ச்சி எவ்வளவு?' என்று கேட்பார்கள். மூன்றாவது, '360 டிகிரி'. பாஸ், சக ஊழியர், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் எல்லாரும் உங்களுக்கு மார்க் போடுவது.

முதல் வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2014-ல் ஷெல்டன், டன்னிங், ஏம்ஸ் என்ற ஆய்வாளர்கள் பிசினஸ் ஸ்கூல் மாணவர்களிடம் "உங்க ஈ.க்யூ. எப்படி?" என்று கேட்டுவிட்டு, நிஜத் தேர்வும் வைத்தார்கள். ரொம்பக் குறைவாக மார்க் வாங்கியவர்கள்தான் தங்களை ரொம்ப அதிகமாக மதிப்பிட்டிருந்தார்கள்! ரிசல்ட்டைக் காட்டியபோது, 'டெஸ்ட்டே சரியில்லை' என்று சொன்னதும், முன்னேற ஆர்வம் காட்டாததும் பெரும்பாலும் அவர்கள்தான்.

அதாவது, யாருக்கு ரொம்பத் தேவையோ, அவருக்கே அது தெரியாது. அந்த 'அவர்' நீங்களாகவும் இருக்கலாம்.

வளர்ப்பது எப்படி?

பேர் வையுங்கள்: 'மூடு சரியில்லை' என்பது பதில் இல்லை. அவமானமா, பொறாமையா, பயமா, வெறும் பசியா? சரியான பேரைத் தேடுங்கள். 2007-ல் கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழு ஓர் ஆய்வு செய்தது. கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்த்தவர்கள், அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கிற 'அமிக்டலா' பகுதியின் வேகம் குறைந்தது.

ராத்திரி மெயில் வேண்டாம்: கோபத்தில் டைப் பண்ணிய மெயிலை டிராஃப்டில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். 'டு' என்ற இடத்தில் பேரைப் போடாமல் வைப்பது இன்னும் சேஃப். வாட்ஸ்அப் குரூப்புக்கும் இதே ரூல்.

திருப்பிச் சொல்லுங்கள்: "அப்ப, டெஸ்டிங்குக்கு ரெண்டு நாள் பத்தாதுன்னு சொல்றீங்க, சரியா?" இந்த ஒரு வாக்கியம் பாதிச் சண்டையைக் குறைக்கும். மீதிச் சண்டை அவசியமான சண்டை!

இதுவும் முக்கியம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்பதற்கு இங்கிலீஷ் பேர் ஈ.க்யூ. இல்லை. தினமும் அவமானப்படுத்துகிற மேலதிகாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பது திறமை ஆகாது. பாலியல் தொல்லை என்றால் பொறுமைக்கு வேலையே இல்லை. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பெண்கள் புகார் செய்ய உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தைரியமாக எழுதிக் கொடுங்கள்.

சரி, டெஸ்ட்டுக்கு ரெடியா?

ஐந்து கேள்விகள். பதில் எழுத வேண்டியவர் நீங்கள் இல்லை! ரூம்மேட், பக்கத்து சீட்காரர், லேப் பார்ட்னர் என்று யாராவது ரெண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் உங்களோடு ஒருமுறையாவது சண்டை போட்டவராக இருக்கட்டும்.

1. எனக்குக் கோபம் வந்தால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

2. என்னிடம் ஒரு கெட்ட செய்தியைச் சொல்ல நீ தயங்குவாயா?

3. நான் கடைசியாக யாரிடம், எதற்காக 'சாரி' சொன்னேன்?

4. நீ பேசும்போது நான் கேட்கிறேனா, என் முறைக்காகக் காத்திருக்கிறேனா?

5. நீ டீம் லீடர் ஆனால் என்னை உன் டீமில் எடுப்பாயா? ஏன்?

ஒரே ஒரு கண்டிஷன். பதிலைப் படித்தபின் "அது அப்படி இல்லடா, அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..." என்று விளக்கம் ஆரம்பிக்கக் கூடாது. "தேங்க்ஸ்" மட்டும் சொல்லுங்கள். அதைச் சொல்ல முடிந்தாலே முதல் மார்க் உங்களுக்குத்தான். ஆல் த பெஸ்ட்!