பின்னால் இழுக்கும் கயிறு

படவேட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். 22 வருடமாகத் தறியில் உட்காருகிறவர். எடை 78 கிலோ. சர்க்கரை ‘பார்டரில்’ இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம். “ரெண்டு மாசத்துல பதினஞ்சு கிலோ குறையும்னு ஒரு பவுடர் விக்கிறாங்க சார். மூணு வேளைக்கும் அதுதான், சோறே தொடக்கூடாதாம். வாங்கலாமா?”

கடிதம் வந்த சமயத்தில்தான், 2025 ஜூலையில், குமரி மாவட்டத்துச் செய்தி ஒன்றைப் படித்திருந்தேன். யூடியூப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் பழச்சாறு மட்டுமே குடித்துவந்த 17 வயதுப் பையன் இறந்துபோனான் என்றது அது. தபாலில் பதில் போட மனம் வரவில்லை. ஆடி வெள்ளிக்கிழமை, ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே படவேடு போய்ச் சேர்ந்தேன்.

வீட்டின் முன்கட்டு முழுக்கத் தறி. குழிக்குள் கால் மிதியில், கை நாடாக் கயிற்றில். பாவின் மறு நுனி எதிர்ப்பக்கத்து முளையைச் சுற்றி, கயிறாகத் திரும்பி வந்து, அவர் கைக்கெட்டும் இடத்தில் முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது. கொஞ்சம் நெய்ததும் துணியைச் சுருட்ட வேண்டும். சுருட்டுவதற்கு முன் அந்த முடிச்சைத் தளர்த்தி, நாலு விரல் அளவு கயிற்றை விட்டுக்கொடுத்து மறுபடி கட்டினார். “விடாம இழுத்தா?” என்றேன். “இழை அறுந்துடும் சார். அப்புறம் ஒவ்வொண்ணாத் தேடிப் பிணைக்கணும்.”

உடல் எடைக்கும் இப்படிப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் கயிறு ஒன்று உண்டு. அதன் இழுவிசையை அளந்த விதம் எனக்கு அத்தனை பிடிக்கும்.

பட்டினி கிடப்பவருக்குத் தான் பட்டினி கிடப்பது தெரியும். அதனால் அவருடைய பசியில் எவ்வளவு உடலுடையது, எவ்வளவு மனத்துடையது என்று பிரிக்க முடிவதில்லை. டேவிட் பொலிடோரி, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் ஆகியோர் 2016இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கனாகிளிஃப்ளோசின் என்றொரு நீரிழிவு மருந்து இருக்கிறது. சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை ரத்தத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழியை அது அடைக்கிறது. நாளைக்குச் சுமார் 90 கிராம் சர்க்கரை சிறுநீரோடு போய்விடும். ஏறத்தாழ 360 கலோரி. குடத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்த மாதிரி. சாப்பாட்டைக் குறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. தினமும் இவ்வளவு போகிறது என்று மருந்து எடுத்துக்கொள்பவருக்குத் தெரியவும் தெரியாது.

பள்ளிக்கூடக் கணக்குப் போட்டால், ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. ஒரு வருடத்தில் 17 கிலோ இறங்கியிருக்க வேண்டும். உண்மையில் மூன்று நான்கு கிலோவோடு நின்றுவிட்டது. மருந்து வேலை செய்துகொண்டேதான் இருந்தது, சர்க்கரையும் போய்க்கொண்டேதான் இருந்தது. அப்படியானால் மிச்சக் கலோரி எங்கிருந்து வந்தது? தட்டிலிருந்து. மருந்து எடுத்துக்கொண்டவர்கள் தங்களை அறியாமலே கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். 153 பேரின் எடை மாற்றத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அதிகமாகக் கேட்டது தெரிந்தது. உடலின் செலவும் சுருங்கும், ஆனால் கிலோவுக்கு 20, 30 கலோரிதான். எல்லோரும் ‘மெட்டபாலிசம் மந்தமாகிவிட்டது’ என்று நொந்துகொள்கிறார்கள். அதைவிட மூன்று மடங்குக்கு மேல் பலமாக இழுப்பது பசி.

இப்போது அந்தப் பவுடருக்கு வருவோம். 15 கிலோ குறைந்தவரைப் பசி நாளுக்கு 1,500 கலோரிக் கணக்கில் பின்னால் இழுக்கும். கிட்டத்தட்ட ஒரு முழு நாள் சாப்பாடு. பவுடர் டப்பா இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். பசி அதோடு தீராது. மெல்பர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தும், பசியை அடக்கும் லெப்டின் தாழ்ந்துமே இருந்தன என்று 2011இல் எழுதினார்கள். எடை மீண்டும் ஏறியவரைப் பார்த்து ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

தறியை விட்டு நகர எனக்கு மனமில்லை. முடிச்சு அவர் கையிலேயே இருக்கிறது. உடலில் அந்த முடிச்சு நம் கைக்கு எட்டாது. இப்போது பரபரப்பாகப் பேசப்படும் ஊசிகள், 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மவுஞ்சாரோவும் வெகோவியும், அந்த முடிச்சைத்தான் தளர்த்துகின்றன, பசியே குறைகிறது. உண்மையிலேயே பெரிய விஷயம்தான். ஆனால் வெகோவியில் உள்ள செமாகுளுடைட் மருந்தை நிறுத்தியவர்களுக்கு, இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்தது. கையை எடுத்ததும் கயிறு மறுபடி விறைத்துக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு: பட்டினியில் இறங்குவது கொழுப்பு மட்டுமில்லை, தசையும் சேர்ந்து போகிறது. திரும்ப ஏறும்போது வருவது பெரும்பாலும் கொழுப்புதான். ஜரிகைப் புடவையைப் பிரித்து மறுபடி நெய்யும்போது ஜரிகை காணாமல் போன மாதிரி.

வரலாறு கேட்பவர்களுக்கு இரண்டு வரி. 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் தான் மெலிந்த கதையைச் சிறு புத்தகமாகப் போட, அது பெரும் விற்பனையானது. 1970களில் அமெரிக்காவில் திரவப் புரத உணவு என்று ஒன்று பரவி, இதயம் தாறுமாறாகத் துடித்துச் சுமார் 60 பேர் இறந்தார்கள். இப்படி எடைக்குறைப்பு உணவுத் திட்டங்கள் பெயர் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன.

‘மெதுவாகக் குறைத்தால் நிற்கும்’ என்று நானும் பல வருடம் எழுதியிருக்கிறேன். அதுவும் முழு உண்மையில்லை. ஆஸ்திரேலியாவில் சுமார் 200 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 வாரத்திலும் மற்றதற்கு 36 வாரத்திலும் எடையைக் குறைத்தார்கள். சுமார் மூன்று வருடம் கழித்து இரண்டு பிரிவிலும் இறங்கிய எடையில் ஏறத்தாழ 71 சதவீதம் திரும்பியிருந்தது. கயிற்றுக்கு வேகம் தெரியாது. எவ்வளவு தூரம் இழுத்தோம் என்பதுதான் தெரியும். நாள் குறித்து முடிகிற எந்த உணவுத் திட்டமும், மெதுவானதானாலும், அதற்கு ஒன்றுதான்.

தமிழ்நாட்டுப் பெண்களில் உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டியவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 40.4. ஐந்தாறு வருடத்தில் தமிழ்நாட்டுப் பெண்களின் மனவுறுதி அப்படியா கரைந்துபோயிருக்கும்?

காரணம் மனவுறுதியில் இல்லையென்றால் அன்றாடத்தில்தான் தேட வேண்டும். படவேட்டு வாசகியிடம் அவருடைய ஒரு நாளைக் கேட்டேன். கூலி புடவைக் கணக்கு என்பதால் எழுந்திருக்க மனம் வராது. காலைச் சாப்பாடு தள்ளிப்போகும். நடுவில் பசித்தால் டீ. நாளைக்கு ஐந்து டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. இரவு ஒன்பதுக்கு மேல் வயிறாரச் சோறு. கரண்டியைப் பாதியாக்கினால் நாளுக்குச் சுமார் 100 கலோரி மிஞ்சும். ஹால் 2011இல் போட்ட கணக்கு ஒன்று உண்டு: குறைத்ததை அப்படியே காப்பாற்றினால், நாளுக்கு 24 கலோரிக்கு ஒரு கிலோ வீதம் எடை இறங்கும். பாதி இறங்க ஒரு வருடம், ஏறத்தாழ முழுதும் இறங்க மூன்று வருடம். அவருக்கு நாலு கிலோ. பசி இழுக்கும்தான், ஆனால் நாலு கிலோவின் இழுப்பைக் காலையில் ஒரு முட்டையும், மத்தியானம் ஒரு கிண்ணம் சுண்டலும் ஓரளவு தாங்கும்.

“நாலு கிலோவா?” என்றார். முகம் வாடிவிட்டது.

அதற்குத்தான் சென்னையில் நடந்த ஆய்வைச் சொன்னேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, இவரைப் போலவே சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்டது. வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று வருடத்தில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. தினமும் நடந்து, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்தவர்களில் 39 பேருக்கு. எடை? சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. எடை இறங்காமலே 16 பேர் தப்பித்தார்கள்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. முடிச்சைத் தளர்த்தி, நாலு விரல் விட்டு, மறுபடி கட்டினார். பிறகு மகளைக் கூப்பிட்டு, “சாருக்கு டீ போடும்மா. எனக்கு ஒரு கரண்டி போதும்” என்றார்.