ஸ்னோ புளோவர் வாங்கப் போறீங்களா? விரல்கள் பத்திரம்!

டொரொன்டோவில் டிசம்பர் பிறந்துவிட்டால், ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காலையில் ஒரு வேலை கூடிவிடும். வாசலில் குவிந்த பனியை அள்ளினால்தான் கார் வெளியே வரும். ஷவலால் அள்ளுவது இடுப்பை ஒடிக்கும் வேலை. கடும் குளிரில் மூச்சு வாங்கப் பனி அள்ளுவது மாரடைப்பைத் தூண்டலாம் என்று இதய நோயாளிகளை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

அதனால்தான் பலர் ஸ்னோ புளோவர் வாங்குகிறார்கள். கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட் 1925-ல் உருவாக்கிய இயந்திரம் இது. அன்று தெருவைச் சுத்தம் செய்யும் ராட்சத வண்டியாக இருந்தது, இன்று வீட்டில் ஒருவரே தள்ளிச் செல்லும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால், பனியை விழுங்கும் அதன் வாய், கவனம் தப்பினால் விரலையும் விழுங்கும்.

உங்கள் வாசலுக்கு எது?

சிங்கிள் ஸ்டேஜ்: முன்னால் சுழலும் துடுப்புகளே பனியை அள்ளி வீசும். எடை குறைவு. சிறிய, சமமான தார் அல்லது சிமென்ட் வாசலுக்கும், 20 செ.மீ. வரையிலான பனிக்கும் போதும். துடுப்பு தரையைத் தொட்டுச் சுழல்வதால் ஜல்லி வாசலுக்கு ஆகாது. கல்லையும் வாரி வீசும்.

டூ ஸ்டேஜ்: இரும்புத் திருகு பனியை உடைத்து உள்ளே இழுக்க, பின்னால் உள்ள விசிறி அதை வெளியே வீசும். நீளமான வாசல், ஏற்றம், ஆழமான பனிக்கு இதுதான் சரி. தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி வாசல் முனையில் ஒதுக்கிவிட்டுப் போகும் கெட்டிப் பனியையும் உடைக்கும். கராஜில் வைக்க இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

மின்வயர் மாடல் இலகுவானது; ஆனால் வயர் எட்டும் தூரம்தான். பேட்டரி மாடலில் சத்தமும் புகையும் குறைவு, சார்ஜ் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் மாடலுக்கு வலு அதிகம், பராமரிப்பும் அதிகம்.

ஆஃப் செய்த பிறகும் ஆபத்து

ஈரப்பனி கனமானது, பசைபோல ஒட்டும். பனி வெளியேறும் குழாய் அடைபட்டதும் கை தானாக உள்ளே போகிறது. விரல்கள் துண்டாகும் விபத்துகள் பெரும்பாலும் இந்த நொடியில்தான் நடக்கின்றன. ‘என்ஜினைத்தான் நிறுத்திவிட்டோமே’ என்ற தைரியம் வேண்டாம். அடைபட்ட திருகிலும் பெல்ட்டிலும் விசை தேங்கி நிற்கும். அடைப்பு விலகியதும் பிளேடு சட்டென்று சுற்றலாம். கையுறை அதைத் தடுக்காது.

அடைத்துக்கொண்டால்:

* என்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுங்கள், மின் மாடல் என்றால் பிளக்கை அல்லது பேட்டரியைக் கழற்றுங்கள்.
* எல்லாச் சுழற்சியும் நிற்கும்வரை காத்திருங்கள்.
* இயந்திரத்தோடு தரும் குச்சியால் மட்டும் பனியைத் தள்ளுங்கள். அது இல்லையென்றால் உறுதியான கட்டை. கை வேண்டவே வேண்டாம்.

இதையும் மறக்காதீர்கள்

* கைப்பிடி லீவரை விட்டால் பிளேடு நிற்க வேண்டும். அதைக் கயிறு போட்டுக் கட்டி வைக்காதீர்கள்.
* பனிக்காலத்துக்கு முன்பே கால்மிதி, பொம்மை, தோட்டக்குழாயை வாசலிலிருந்து எடுத்துவிடுங்கள்.
* குழந்தைகள் வேடிக்கை பார்ப்பது ஜன்னல் வழியாக மட்டும். பனியோடு கல்லும் பறந்து வரலாம்.
* மூடிய கராஜில் பெட்ரோல் என்ஜினை ஓடவிடாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது.
* என்ஜின் ஆறிய பிறகு, வெளியில் வைத்துப் பெட்ரோல் ஊற்றுங்கள்.
* தொங்கும் மஃப்ளர், துப்பட்டா கூடாது. வழுக்காத பூட்ஸ், கண்ணாடி, காதுக்கவசம் அவசியம்.
* டூ ஸ்டேஜ் திருகில் உள்ள ஷியர் பின், கியரைக் காப்பாற்றத் தானே உடையும். அதற்குப் பதில் சாதாரண போல்ட் போட்டால் கியரே போய்விடும்.

வீட்டில் வேறு யாராவது இயக்குவதாக இருந்தால், நிறுத்தும் விதத்தையும் குச்சி இருக்கும் இடத்தையும் முதலில் காட்டுங்கள். ஸ்டார்ட் செய்வதை அப்புறம் சொல்லிக்கொடுக்கலாம்.