அத்தி பூப்பதை யார் கண்டார்?

நீண்ட நாளைக்குப் பிறகு ஊருக்குப் போனால் உம்மம்மா கேட்பார்: "என்ன மனே, அத்தி பூத்த மாதிரி வந்திரிக்காய்?" அத்தி பூக்காமலில்லை. நாம் காய் என்பதே உண்மையில் மூடிய ஒரு பூங்கொத்துத்தான். அதன் உட்சுவர் முழுக்கச் சிறு பூக்கள்.

நுனித் துளைவழியே சுமார் 2 மில்லிமீற்றர் நீளமான பெண் குளவி உள்ளே நுழைகிறது. நெருக்கத்தில் சிறகு முறிந்துபோகும். மகரந்தத்தைச் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. பிறக்கும் ஆண்களுக்குச் சிறகில்லை. இணைசேர்ந்து, பெண்கள் வெளியேற வழி குடைந்து கொடுப்பதோடு அவற்றின் வேலை முடிகிறது.

நமது ஆற்றங்கரை அத்தியில் மகரந்தம் சேர்க்கும் இந்த இனத்தோடு இன்னும் ஐந்தாறு குளவி இனங்கள் வாழ்கின்றன. அவை உள்ளே நுழையா. ஊசிபோன்ற நீண்ட உறுப்பால் வெளியே நின்றே முட்டையிடும். சில, மற்றக் குளவிகளின் புழுக்களையே தின்று வளரும். பனாமா அத்திகளைப் பற்றி 2003இல் வெளியான மரபணு ஆய்வோ, ஓர் அத்திக்கு ஒரே குளவி என்று நம்பியிருந்த இடத்தில், பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு இனங்களைப் பல அத்திகளில் காட்டியது.

குர்ஆனின் 95ஆவது அத்தியாயம் அத்தியின் பெயர் கொண்டது. அது வேறு இன அத்திதான். அதற்கும் ஒரு குளவியுண்டு. நாமோ, பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்று பழமொழி சொல்லி ஒதுக்குகிறோம். அந்தச் சொத்தை இல்லாமல் விதையில்லை.

வெளியேறும் பெண் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் இளம் மொட்டுள்ள இன்னோர் அத்தியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆற்றோரத்தில் ஒரு மரத்தை வெட்டும்போது, அது தேடிவரும் வீட்டையும்தான் நாம் வெட்டுகிறோம்.