வால்பேப்பர் மாற்றப் போய் லேப்டாப்பைப் பறிகொடுக்காதீர்கள்

லேப்டாப் மூடியில் ஸ்கின் ஒட்டுங்கள். வால்பேப்பரில் ஆண்டாள் கோயில் தேரை வையுங்கள். ஐகான், எழுத்துரு, மவுஸ் அம்புக்குறி என எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். உங்கள் பொருள், உங்கள் ரசனை. ஆனால் அந்த அலங்காரத்துக்காக லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் சேர்த்து முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் பஸ் ஏறுகிறார்களே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் நிறுத்தத்தில் காலையில் நின்றால், கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிற பிள்ளைகள் ஒரு கூட்டம், இராஜபாளையம் போகிற பிள்ளைகள் ஒரு கூட்டம். முக்கால்வாசிப் பேர் தோளில் லேப்டாப் பை தொங்குகிறது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் எல்லோர் கதையும் ஒன்றுதான். “பாஸ்வேர்ட எழுதிக் குடுத்துட்டுப் போங்க தம்பி, சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க” என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். இவர்களும் கொடுத்திருப்பார்கள். பில் கேட்டால் “பெரிய வேலையா என்ன, பில்லெல்லாம் எதுக்கு” என்பார். சரி என்று வந்திருப்பார்கள். ஒரு மாதம் கழித்து இன்ஸ்டாகிராம் கணக்கு கைமாறியிருக்கும், அல்லது பிராஜெக்ட் கோப்புகள் மொத்தமும் அழிந்திருக்கும். அப்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

வால்பேப்பர் மாற்ற ஏன் கடைக்குப் போகிறார்கள் என்று கேட்கலாம். காரணம் எளிது. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகாத லேப்டாப்பில், செட்டிங்ஸில் உள்ள ‘பெர்சனலைசேஷன்’ பக்கம் பூட்டிக்கொள்ளும். திரையின் வலது மூலையில் மங்கலாக ஓர் எச்சரிக்கை நிற்கும். அதைப் போக்கத்தான் முந்நூறு, ஐந்நூறு கொடுத்து ‘ஆக்டிவேட் பண்ணித் தரேன்’ கடைகளைத் தேடுகிறார்கள். பிடித்த படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ‘செட் ஆஸ் டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட்’ கொடுத்தால், ஆக்டிவேட் ஆகாத லேப்டாப்பிலும் வால்பேப்பர் மாறும். காசு வேண்டாம், கடை வேண்டாம்.

இதைவிட வயிறெரியும் விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸோடு விற்கப்படும் புதிய லேப்டாப்பில் அதன் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. அதே பதிப்பைத் திரும்ப நிறுவி இணையத்தில் இணைத்தாலே தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அது தெரியாமல், தான் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய ஹோம் பதிப்பை அழித்துவிட்டுத் திருட்டு ‘ப்ரோ’ பதிப்பைப் பணம் கொடுத்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் லேப்டாப்பில் இது நடந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். அங்கே டிஜிட்டல் உரிமம் என்று இருந்தால் நல்லது. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்து, அந்த லேப்டாப் எந்த அலுவலகமோ கல்லூரியோ தந்ததும் இல்லை என்றால், கள்ளச்சாவி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கள்ளச்சாவி வெறுமனே கதவைத் திறந்துவிட்டுப் போவதில்லை. கே.எம்.எஸ்.பிகோ என்ற பிரபலமான ஆக்டிவேட்டரின் பெயரில் உலவிய நிறுவிகளில், பாஸ்வேர்டு திருடும் கிரிப்ட்பாட் என்ற நச்சுநிரல் ஒளிந்திருந்ததை 2021 டிசம்பரில் ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. அந்த நிறுவியை இயக்கும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். சொன்னபடி நாமே அணைத்தும் வைக்கிறோம்! சட்டமும் சும்மா இல்லை. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்றாண்டு சிறை உண்டு. வணிக நோக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். விடலாம் என்பதுதான் சட்டம், விடும் என்பதல்ல.

தீம் கோப்புகளையும் அப்பாவி என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் 11-இல் ஒரு தீம் கோப்பைத் திறந்தாலே வெளியாள் தன் நிரலை ஓடவிடக்கூடிய ஓட்டை ஒன்று இருந்தது. அதற்குத் ‘தீம்பிளீட்’ என்றே பெயர். 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. அப்டேட்டை நிறுத்திவைத்த லேப்டாப்பில் அது இன்னும் திறந்தே கிடக்கும். ஸ்கிரீன்சேவர் என்று வரும் கோப்பு உண்மையில் ஒரு முழு நிரல், படம் அல்ல. லினக்ஸ்காரர்களும் சிரிக்க வேண்டாம். 2024 மார்ச்சில் கே.டி.இ. என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் தளத்திலிருந்து எடுத்த ஒரு தீம், நிறுவியவரின் கோப்புகளையே துடைத்துப் போட்டது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசத் தீம்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. பென் டிரைவில் யாரோ கொண்டுவந்த ‘தமிழ் ஃபான்ட் பேக்’ தேவையே இல்லை.

வெளி அலங்காரத்தைப் பற்றிச் சுருக்கமாக. காற்றுத் துளையை மூடி ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சூடேறிச் சாகும். கேமரா மேல் தடித்த மூடி வைத்தபடி மேக்புக்கை மூடினால் திரை உடையலாம் என்று ஆப்பிளே 2020-இல் எச்சரித்தது. அடியில் உள்ள சீரியல் எண் லேபிளைக் கிழிக்காதீர்கள், வாரன்டிக்கு அதுதான் ஆதாரம். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றின் மூடியில் இருக்கும் அரசு அடையாளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. அடையாளம் தேய்த்த லேப்டாப்பைப் போலீஸ் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வையுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை நீக்குங்கள். போனில் வாட்ஸ்அப்பின் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய் லேப்டாப்பைத் துண்டியுங்கள். பழுது பார்ப்பவருக்கென்று தனி யூசர் கணக்கு ஒன்று உருவாக்கி அதன் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். உங்களுடையதைக் கொடுக்காதீர்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை முன்பே தாளில் எழுதி வையுங்கள்.

பிறகு ரசீது. கடையின் பெயர், தேதி, மாடல், சீரியல் எண், ரேம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. எவ்வளவு, ஒப்புக்கொண்ட வேலை, கட்டணம், திருப்பித் தரும் நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சேவை முடிந்தும் பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறை. நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை இன்னொருவருக்குக் கடத்துவதும் அதே பிரிவில் வருகிறது. கடைக்காரர் தரமாட்டேன் என்றால் அதே விவரங்களை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பணத்தை ஜி-பேயில் கொடுங்கள். இரண்டும் சாட்சி.

சேதமாகிவிட்டதா? முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். பல சண்டைகள் அங்கேயே முடியும். முடியாவிட்டால் கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ், பதினைந்து நாள் அவகாசம். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை, நீங்களே எழுதலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கான அந்த ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. மடவார் வளாகத்துக்காரருக்கு ஒரு டவுன் பஸ் தூரம். சிவகாசி, அருப்புக்கோட்டைக்காரர்கள் இங்கே வந்து வழக்கு நடத்துகிறார்கள், பக்கத்தில் இருப்பவருக்கு அது எங்கே என்றே தெரியாது.

கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் ஒரு பைசா கிடையாது. புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், பில் அல்லது பணம் கட்டிய சான்று, நோட்டீஸ் நகல், அதன் ஸ்பீட் போஸ்ட் ரசீது, சேதத்தின் படங்கள், அடையாள அட்டை நகல். எதிர்த்தரப்பு எத்தனை பேரோ அத்தனை படிகள் கூடுதலாக. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம். விற்றவர் பெங்களூருவில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே ஆன்லைனில் வாங்கிய லேப்டாப்புக்கும் இதே கதவுதான். அரசு இலவசமாகத் தந்த லேப்டாப்பாக இருந்தாலும் பழுதுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்தக் கடையைப் பொறுத்தவரை நீங்கள் நுகர்வோர்தான். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதோ பணம் கட்டிய சான்றோ கையில் இருக்க வேண்டும்.

படங்களோ தகவலோ திருடப்பட்டிருந்தால் அது குற்றவியல் விஷயம். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930. மற்றவற்றுக்கு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில், நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கோடு அனுமதியின்றி கோப்புகளை நகலெடுப்பது மூன்றாண்டு வரை சிறைக்குரியது. அந்தரங்கப் படம் என்றால் 66இ பிரிவும் சேரலாம். லேப்டாப்பை ஃபார்மேட் செய்துவிட்டுப் புகார் கொடுக்கப் போகாதீர்கள், சாட்சியை நீங்களே அழித்த கதையாகிவிடும். ஸ்டேஷனில் “லேப்டாப்தானே, கடையிலேயே பேசி முடிச்சுக்கோங்க” என்பார்கள். முடிக்காதீர்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் குற்றங்களை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அப்படியும் வாங்க மறுத்தால், புகாரை எழுத்தில் ஸ்பீட் போஸ்ட் மூலம் விருதுநகர் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 173(4) அந்த உரிமையைத் தருகிறது. தபால் ரசீதைப் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள், அந்த லேப்டாப்பில் அல்ல.