முதல் நூலுக்கு முன்பே வந்து சேரும் வழிநூல்

புது தில்லி: வியோம்கேஷ் பக்ஷி யார் என்று வங்காளத்தில் எவரையும் கேட்க வேண்டியதில்லை. சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் படைத்த அந்தத் துப்பறிவாளருக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. "சத்யான்வேஷி", அதாவது உண்மையைத் தேடுபவர் என்றே தம்மைச் சொல்லிக் கொள்வார். அவரும், அவருடைய கதைகளை எழுதி வைக்கும் நண்பர் அஜித்தும், மனைவி சத்யவதியும் வங்காளக் குடும்பங்களில் நெருங்கிய உறவினர்களைப் போலப் பேசப்படுகிறவர்கள்.

சிக்கல் வங்காளத்துக்கு வெளியே தொடங்குகிறது. தில்லியிலோ ஜெய்ப்பூரிலோ உள்ள இளம் வாசகர் ஒருவர் சரதிந்துவின் மூலக் கதைகளில் ஒன்றைக்கூடப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய பாத்திரங்களை எடுத்துக் கொண்டு ரசிகர்கள் தாங்களாகவே எழுதிப் பரப்பும் கதைகளைக் கைப்பேசியில் படித்திருக்கக்கூடும். "ஃபேன் ஃபிக்ஷன்" என்று உலகெங்கும் அறியப்படும் இந்த ரசிகர் புனைவுகளில் சத்யவதி தேநீர் கொடுக்கிறார், கணவருடன் ஊடல் கொள்கிறார், சில சமயம் தாமே துப்பறிகிறார். பின்னர் ஒருநாள் அந்த வாசகர் மூலக் கதைக்கு வருகிறார். கொலை நடந்த வீட்டில், சந்தேக நிழல் படிந்த குடும்பத்துப் பெண்ணாக சத்யவதி முதன்முதலாக அறிமுகமாகிறார். படிப்பவருக்கோ பதற்றம் எதுவும் இல்லை. இந்தப் பெண் குற்றவாளியாக இருக்க முடியாது என்பது அவருக்கு முன்பே தெரியும். (இதைச் சொல்லாமல் விஷயத்தை விளக்க வழியில்லை. உண்மைக் குற்றவாளி யார் என்பது இங்கு சொல்லப்படவில்லை.)

ரசிகர் புனைவைப் பற்றிய புகார்களில் மிகப் பழையதும் தீராததும் இதுதான். கதையின் முடிச்சைப் புதியவர் முன் போட்டு உடைத்துவிடுகிறது என்பது குற்றச்சாட்டு.

உடைப்பது எப்படி?

முடிவை நேரடியாகச் சொல்லிவிடும் நண்பரிடமிருந்து தப்பிப்பது எளிது. காதைப் பொத்திக் கொண்டால் போதும். ரசிகர் புனைவு அப்படிப்பட்டதன்று. படிப்பவருக்கு மூலக் கதை முழுவதும் தெரியும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அது எழுதப்படுகிறது. எனவே எதையும் விளக்குவதில்லை. "அவர் இறந்த பிறகு" என்று ஒரு வாக்கியத்தின் பாதியில் போகிற போக்கில் வந்துவிடும். அறிந்தவர் கண்ணில் அது படாது. அறியாதவருக்கோ ஐந்நூறு பக்கங்களின் பதைபதைப்பு அங்கேயே முடிந்துவிடும்.

இணையத்தில் உள்ள பெரிய ரசிகர் புனைவுக் களஞ்சியங்கள் இதற்குத் தீர்வாக ஒரு முறையைக் கையாள்கின்றன. கதைக்கு மேலே பாத்திரங்களின் பட்டியல், யாருக்கும் யாருக்கும் காதல் என்ற குறிப்பு, முக்கியப் பாத்திரத்தின் மரணம் உண்டு என்ற எச்சரிக்கை ஆகியவை இடம் பெறுகின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால், பகைவர்களாக அறிமுகமாகும் இருவரின் பெயர்களைக் காதலர்கள் என்ற குறிப்பின் கீழ் பார்த்த பிறகு மறைப்பதற்கு என்ன மிச்சமிருக்கிறது? எச்சரிக்கையே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இன்னொரு சங்கடம் அதிகம் பேசப்படுவதில்லை. ரசிகர் எழுதியதில் எது மூல ஆசிரியருடையது, எது ரசிகரின் கற்பனை என்பதைப் புதியவரால் பிரித்தறிய முடியாது. மூலத்தில் உயிரோடிருப்பவரை ரசிகர் கொன்றிருப்பார். கொல்லப்பட்டவரைப் பிழைக்க வைத்திருப்பார். இதனால், நடக்காத ஒன்றை எதிர்பார்த்துக் கொண்டே மூல நூலை முழுவதும் படிப்பவர்களும் உண்டு. முடிவு தெரிந்து போவதைவிட, தவறாகத் தெரிந்து போவது விசித்திரமான இழப்பு.

காவியங்கள் மறைக்கவில்லை

இந்தியாவுக்கு இந்தப் புகார் பொருந்துமா என்று கேட்பவர்கள் உள்ளனர். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வான்மீகி ராமாயணத்தின் முதல் சர்க்கத்திலேயே நாரதர் முழுக் கதையையும் சுருக்கிச் சொல்லிவிடுகிறார். மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில், போர் தொடங்குவதற்கு நெடுந்தொலைவு முன்பாகவே, திருதராஷ்டிரன் சஞ்சயனிடம் ஒவ்வொரு நிகழ்ச்சியாகச் சொல்லிப் புலம்புகிறான். யார் யார் வீழ்ந்தார்கள் என்பது அங்கேயே வந்துவிடுகிறது. கர்ணனின் பிறப்பு ரகசியம் பாண்டவர்களுக்குத்தான் ரகசியம், கேட்பவர்களுக்கு அன்று.

அந்தக் காவியத்திலிருந்து கிளைத்தவை ஏராளம். மராத்தியில் சிவாஜி சாவந்தின் "மிருத்யுஞ்ஜய்" (1967), கன்னடத்தில் எஸ்.எல்.பைரப்பாவின் "பர்வ" (1979), மலையாளத்தில் எம்.டி.வாசுதேவன் நாயரின் "ரண்டாமூழம்" (1984), ஒடியாவில் பிரதிபா ராயின் "யாக்ஞசேனி" (1984). முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று தமிழ் இலக்கணம் வகுத்த பிரிவுகளில் இவற்றை எதில் சேர்ப்பது என்று வாதிடலாம். மூலம் கெட்டுப் போய்விட்டது என்று யாரும் குறைப்பட்டதில்லை.

ஆனால், இந்த வாதத்தை எல்லாக் கதைகளுக்கும் நீட்ட முடியாது. காவியத்தில் "அடுத்து என்ன" என்பதைவிட "எப்படி" என்பதற்கே எடை அதிகம். துப்பறியும் கதையோ, மறைத்து வைத்தலையே தன் கட்டுமானமாகக் கொண்டது. அதிலும் விதிவிலக்கு இருந்திருக்கிறது. சத்யஜித் ரே தம் "சோனார் கெல்லா" நாவலில் (1971) ஒருவரின் வேடத்தைப் பிற்பகுதி வரை மறைத்து வைத்தார். அதையே 1974-இல் திரைப்படமாக எடுத்தபோது, குற்றவாளிகளைத் தொடக்கத்திலேயே பார்வையாளர்களுக்குக் காட்டிவிட்டார். புதிரைக் கைவிட்டார், படம் சோடை போகவில்லை. எனினும், அது ஆசிரியரே செய்து கொண்ட தேர்வு. ஊரார் செய்ததன்று.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தைச் சேர்ந்த ஜோனதன் லீவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, முடிவை முன்கூட்டியே அறிந்தவர்கள் கதையைக் கூடுதலாகவே ரசித்தனர் என்றது. ரசிகர் புனைவின் ஆதரவாளர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அந்த ஆய்வில் பயன்பட்டவை 12 சிறுகதைகள். ஒரே அமர்வில் படித்து முடிக்கும் சிறுகதையும், ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் தொடரும் ஒன்றல்ல. 2015 ஜூலையில் வெளியான "பாகுபலி"யின் கடைசிக் காட்சியைக் கண்டு, கட்டப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று 2017 ஏப்ரல் வரை நாடே கேட்டுக் கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். அந்த இடைவெளியில் ரசிகர்கள் எழுதிக் குவித்த ஊகக் கதைகள் படத்துக்குச் செலவில்லாத விளம்பரமாயின.

மொழிபெயர்ப்பின் தாமதம்

உண்மையில் பாதிக்கப்படுவது யார் என்று பார்த்தால், விவகாரம் வேறு இடத்துக்கு இட்டுச் செல்கிறது. வங்காளச் சிறுவர்கள் வியோம்கேஷை முறையாக, மூலத்திலிருந்தே அறிகிறார்கள். இந்தி பேசும் மாநிலங்களுக்கு அவர் வந்தது 1993-இல், பாசு சாட்டர்ஜி இயக்கிய தூர்தர்ஷன் தொடர் வழியாக. ரஜித் கபூர் நடித்த அந்தத் தொடர், ஊரடங்கு அறிவிக்கப்பட்ட 2020 மார்ச்சில் மீண்டும் ஒளிபரப்பானபோது புதிய தலைமுறை ஒன்று அவரைச் சந்தித்தது. ஆங்கிலத்தில் பெங்குவின் நிறுவனம் ஸ்ரீஜாதா குஹாவின் மொழிபெயர்ப்பை வெளியிட்டது 1999-இல். அதாவது முதல் கதை எழுதப்பட்டு 67 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தத் தொகுப்பிலும் ஏழு கதைகளே இருந்தன. சரதிந்து எழுதி முடித்தவை 32. 1970-இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது ஒன்று. 2015-இல் திவாகர் பானர்ஜியின் இந்திப் படம், இரு மூலக் கதைகளின் இழைகளை எடுத்து 1943-ஆம் ஆண்டின் போர்க்காலக் கல்கத்தாவில் பின்னியது. வில்லன் யார் என்பதை வங்காளத்தினர் பாதியிலேயே ஊகித்திருப்பார்கள். மற்றவர்களுக்கோ, படத்தைப் பார்த்த பிறகு மூலக் கதையில் ஊகிக்க எதுவுமில்லை.

தொலைக்காட்சித் தொடரில், படத்தில், ரசிகர் எழுத்தில் என மற்ற எல்லா வடிவங்களிலும் கதை மாநில எல்லையைத் தாண்டிவிடுகிறது. மூல நூல் மட்டும் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கிறது. ஸ்டார் பிளஸ்ஸில் 2011-12-இல் வெளிவந்த "இஸ் பியார் கோ க்யா நாம் தூன்" தொடருக்கும் இதுவே நேர்ந்தது. இந்தி ரசிகர்கள் அந்த நாயகன், நாயகியை வைத்து எண்ணற்ற கதைகளை எழுதினர். தமிழில் "இது காதலா" என்ற பெயரில் மொழிமாற்றமாகப் பார்த்தவர்களுக்கு முன்பாகவே, அந்தக் குடும்பங்களின் பழைய ரகசியங்கள் அக்கதைகளில் வெளிச்சத்துக்கு வந்திருந்தன.

ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாம் நூலைக் காக்க எத்தனை ஏற்பாடு! 2007 ஜூலை 21-ஆம் தேதி, லண்டனில் நள்ளிரவு கடந்த அதே கணத்தில், இந்தியாவில் காலை நேரத்தில் கடைகள் திறக்கப்பட்டன. ஆங்கிலம் படிப்பவர்களுக்குத்தான் அந்தக் காவல். போபாலின் மஞ்சுள் பதிப்பகம் வெளியிடும் இந்தி மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்த குழந்தைகளின் வியப்பை யாரும் காக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கதையின் ரகசியத்துக்குச் சட்டத்தில் பாதுகாப்பில்லை. கருத்து, பொருள், கதைக்கரு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது, அவற்றை வெளிப்படுத்தும் விதத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. தில்லியில் அரங்கேறிய "ஹம் ஹிந்துஸ்தானி" நாடகத்தைத் தழுவி "நியூ டெல்லி" (1956) படம் எடுக்கப்பட்டதாக எழுந்த வழக்கு அது. வாடகை வீட்டுக்காகத் தமிழராக வேடமிடும் பஞ்சாபி இளைஞனின் கதை என்பதால் தமிழர்களுக்கும் அந்தப் படத்தில் பங்குண்டு.

கேரளத்தில் நடந்த வழக்கு இன்னும் சுவையானது. தோப்பில் பாசியின் "நிங்ஙள் என்னெ கம்யூனிஸ்டாக்கி" நாடகம் 1952-இல் அரங்கேறி, 1957-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வரப் பாதை போட்டவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. (தலைப்பே முடிவைச் சொல்லிவிடும் நாடகம் அது.) அதன் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்துக் கொண்டு, உழைத்த தலித் மக்களுக்கு இயக்கம் என்ன செய்தது என்று கேட்கும் எதிர்நாடகத்தை சிவிக் சந்திரன் 1995-இல் எழுதினார். பாசியின் குடும்பத்தினர் தடை கோரினர். எடுத்துக் கொண்டதன் அளவும் மதிப்பும், எடுத்த நோக்கம், இரு படைப்புகளுக்கும் இடையே போட்டி ஏற்படும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் எடைபோட்ட கேரள உயர் நீதிமன்றம், இது விமர்சனம் என்று கூறி 1996-இல் அனுமதித்தது. ஒருவர் படைத்த பாத்திரங்களைக் கொண்டே அவருடன் வாதிடலாம் என்பதை ஏற்ற தீர்ப்பு அது. விமர்சனம் செய்யாமல் வெறும் அன்பினால் எழுதப்படும் ரசிகர் புனைவுகளுக்கு அந்தக் கேடயம் எவ்வளவு தூரம் உதவும் என்பது தீர்மானமாகவில்லை.

அன்பு எப்போதும் காப்பாற்றுவதில்லை. ஹாரி பாட்டரை கொல்கத்தாவுக்கு வரவழைத்து வங்க இலக்கியப் பாத்திரங்களுடன் உலவவிட்ட உத்தம் கோஷின் நூல், உரிமையாளர்கள் தரப்பின் எதிர்ப்பால் 2003-இல் திரும்பப் பெறப்பட்டது. 2007-இல் சால்ட் லேக் துர்கா பூஜைப் பந்தல் ஹாரி பாட்டரின் பள்ளியைப் போல் அமைக்கப்பட்டபோது, ரூ. 20 லட்சம் இழப்பீடு கோரி விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் வரை வந்தது. அந்த ஆண்டு பந்தலுக்கு மட்டும் நீதிமன்றம் அனுமதி அளித்தது. இவற்றில் எதிலும் "கதையின் முடிவு வெளியாகிவிட்டது" என்பது பிரச்னையே அல்ல. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது உரிமையாளரின் இழப்பு, வாசகரின் இழப்பன்று.

வாசகருக்காகச் சட்டத்தில் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. நூல் வெளியாகி ஏழு ஆண்டுகள் கழிந்தால், எந்த மொழியிலும் மொழிபெயர்த்து வெளியிட உரிமம் கேட்டு எவரும் விண்ணப்பிக்கலாம் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு. முன்பு பதிப்புரிமை வாரியத்திடம் போக வேண்டியிருந்தது. தீர்ப்பாயங்கள் மாற்றியமைக்கப்பட்ட 2021-க்குப் பிறகு நீதிமன்றத்தை அணுக வேண்டும். நாடாளுமன்றம் எதிர்த்திசையிலும் நடந்ததுண்டு. தாகூரின் எழுத்துகள் மீதான உரிமை 1991 இறுதியில் முடியவிருந்தபோது, ஆசிரியரின் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் என்றிருந்த காலவரம்பு 60 ஆண்டுகளாக்கப்பட்டது. தாகூர் பொதுச் சொத்தானது 2002 ஜனவரியில்தான்.

அந்தக் கணக்கின்படி வியோம்கேஷ் கதைகள் மீதான உரிமை 2030 டிசம்பர் 31-ஆம் தேதி முடிவடைகிறது. மறுநாளிலிருந்து ரசிகர்கள் தங்கள் கதைகளைத் தடையின்றி அச்சிட்டு விற்கலாம். சரதிந்துவின் 32 கதைகளையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் எந்த மொழியிலும் வெளியிடலாம். இவ்விரண்டில் எது கடைக்கு முதலில் வரும் என்பது பதிப்பகங்களின் கையில் உள்ளது.